உஷார்! உங்கள் ஆப்புக்குள் பாஸ்வேர்டு இருக்கிறதா?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. அந்தப் பக்கம் லாட்ஜ், டிராவல்ஸ் நடத்துகிறவர்களுக்கு இனி ஆப் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அறை முன்பதிவு, டிக்கெட் சேவைகளில் பல இன்னும் பழைய சோப் (SOAP) வெப் சர்வீஸில் ஓடுகின்றன. "ஆப்ல இருந்தே நேரா கூப்பிட்டுடலாம்ணே, தனி சர்வர் செலவு மிச்சம்" என்று ஆப் செய்பவர் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள்.

சோப் கோரிக்கை என்பது ஒரு எக்ஸ்எம்எல் உறை. அதன் தலைப்பகுதியில் உங்கள் ஏஜென்ட் யூசர்நேமும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அப்படியே எழுத்தாகப் போகும். நேராகக் கூப்பிடும் ஆப்பில் அந்தப் பாஸ்வேர்டு ஆப்புக்குள்ளேயே குந்தியிருக்கும். ஆண்ட்ராய்டு ஆப்பின் ஏபிகே கோப்பு வெறும் ஜிப் மூட்டை. ஜாட்எக்ஸ் என்ற இலவசக் கருவியில் திறந்து 'பாஸ்வேர்டு' என்று தேடினால் சில நிமிடத்தில் கண்ணில் பட்டுவிடும். கோடைக் குழப்பிவிடும் புரோகார்டு கருவியைப் போட்டிருக்கிறேன் என்பார்கள். அது கிளாஸ், மெத்தட் பெயர்களைத்தான் குழப்பும், மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தைத் தொடாது. அப்புறம் உங்கள் கணக்கில் யார் வேண்டுமானாலும் டிக்கெட் போடலாம், பில் உங்களுக்கு வரும்.

அடுத்த கூத்து. ஆண்ட்ராய்டு 9 முதல் பூட்டில்லாத எச்டிடிபி இணைப்பை போனே தடுக்கிறது. பிழை வந்ததும் ஆப்பின் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்துத் தடையைத் தூக்கிவிடுகிறார்கள். சான்றிதழ் பிழை வந்தால் 'எல்லாவற்றையும் நம்பு' என்று இணையத்தில் கிடைக்கும் கோடை ஒட்டிவிடுகிறார்கள். பொது வைஃபையில் நடுவில் உட்கார்ந்திருப்பவன் அத்தனையையும் படிப்பான்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2017இல் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளர் கைதானார். அரசின் இ-ஹாஸ்பிடல் சேவை வழியாக அனுமதியின்றி ஆதார் விவரம் எடுத்துக் காட்டும் ஆப்பை அவர் பிளே ஸ்டோரிலேயே வைத்திருந்தார். அது சோப் விவகாரம் அல்ல. ஆனால் வேறொரு சேவைக்கான வாசல் வழியாக வெளியாள் நுழைந்த கதைதான்.

வழி ஒன்றுதான். ஆப் உங்கள் சர்வரிடம் மட்டும் பேசட்டும். சோப்பைக் கூப்பிடுவதும் பாஸ்வேர்டை வைத்திருப்பதும் சர்வரின் வேலை. ஆப்புக்கு, லாகின் செய்தவருக்கான தற்காலிக டோக்கன் போதும்.

ஏற்கெனவே ஆப் வெளியாகிவிட்டதா? புதிய பதிப்பு போட்டால் மட்டும் தீராது, பழைய ஏபிகே ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்றே சேவை தருபவரிடம் சொல்லிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.