அடிக்காத மணி

சென்ற மார்கழியில், ராசிபுரத்துக்கு அருகே வசிக்கும் என் தமக்கையார் வீட்டில் ஒரு நஷ்டம் நேர்ந்தது. அவர் நாட்டுக்கோழி முட்டைகளை இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை விற்று வருகிறவர். கோழிமுட்டை பொரிய 21 நாள் ஆகும். அத்தனை நாளும் 37.5 டிகிரிச் சூடு குறையாமல் இருக்க வேண்டும். பதினைந்தாம் நாள் நடுநிசியில், சூடு தரும் பல்புகளின் வயர் தீய்ந்துவிட்டது. பெட்டி விடியும்வரை ஆறிக் கிடந்தது. இருநூறு முட்டைகளில் பாதிக்கு மேல் பொரியவே இல்லை.

சூடு குறைந்தால் அடிக்கும்படி ஒரு மின்சார மணியை நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். அது அடிக்கவில்லை. பார்த்தால், அதன் வயரை எலி கடித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"எலி கடித்தது போகட்டும், தம்பி. வயர் அறுந்து கிடப்பது இத்தனை நாள் நம் ஒருவருக்கும் தெரியவில்லையே!" என்றார் அக்காள். பௌதிகத்தில் பட்டம் பெற்று, இருபது வருஷமாகப் பையன்களுக்கு மின்சாரப் பாடம் நடத்தும் எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

நாமக்கல்லில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். விஷயத்தைக் கேட்டவர், கிணற்று மோட்டாரின் பழைய ஸ்டார்டர் பெட்டி ஒன்றைத் திறந்து என் முன் வைத்தார். "வாத்தியாரய்யா, பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறீர்கள். மோட்டார் ஏன் நிற்பதில்லை?" என்று கேட்டார்.

சேலம், நாமக்கல் சீமையில் இந்தப் பெட்டி இல்லாத கிணற்றடி அபூர்வம். ஆயினும் அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அதற்குப் பதில் சொல்ல ரிலே என்றால் என்னவென்று தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் களைத்த குதிரையை விட்டுப் புதுக் குதிரை ஏறித் தபால் கொண்டு போவார்களல்லவா? அந்த அஞ்சல் குதிரைக்கும் ரிலே என்று பெயர் உண்டு. மின்சார ரிலேயும் அத்தகையதே. சுருளில் பாயும் சிறு மின்சாரம் ஒரு இரும்புத் தகட்டை இழுக்கிறது. அந்தத் தகடு வேறொரு பெரிய மின்சாரத்துக்கு வழி திறக்கிறது, அல்லது அடைக்கிறது. அமெரிக்கரான ஜோஸப் ஹென்றி 1835-ஆம் வருஷத்திலேயே இதைச் செய்து காட்டினார்.

பெரியவர் ஒரு காகிதத்தில் ஏணி ஒன்றை வரைந்தார். இரு நெடுங்கால்கள் மின்சாரம் வரும் இரு கம்பிகள். ஒவ்வொரு படியும் ஒரு சுற்று. படியின் இடப்புறம் தொடுமுனைகள், வலக்கோடியில் சுருள். முனைகள் வரிசையாக நின்றால் அத்தனையும் மூட வேண்டும்; ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் எது மூடினாலும் போதும். முனைகளிலும் இரண்டு ஜாதி உண்டு. சுருளில் மின்சாரம் இல்லாதபோது திறந்திருப்பது ஒன்று, மூடியிருப்பது மற்றொன்று. படத்தை எப்போதும் மின்சாரம் இல்லாத நிலையிலேயே வரைவார்கள். இது மனத்தில் படிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை எல்லாம் தலைகீழாகவே தெரிந்தது.

ஸ்டார்டரில் பச்சைப் பொத்தானுக்குக் கீழே, அந்தச் சுருளே மூடும் முனை ஒன்று இருக்கிறது. பொத்தானை அமுக்கியதும் சுருள் இழுக்கிறது. இழுத்ததும் அம்முனை மூடி, பொத்தானின் வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பதுபோல! தொழிலாளர் இதை 'ஹோல்டிங்' என்கிறார்கள். மின்சாரம் நின்றால் பிடி விட்டுவிடும். திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. பெல்ட்டில் கை வைத்திருப்பவனின் விரல் தப்பும். (நம் குடியானவர்கள் இதையும் மீறி 'ஆட்டோ' மாட்டி வைக்கிறார்கள். மின்சாரம் அகாலத்தில் வந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?)

"மின்சாரம் போனால் மணி அடிக்கட்டும் என்று கட்டினீர்கள். மணி அடிக்காமல் இருப்பதற்கு மின்சாரம் ஓட வேண்டும் என்று கட்டுங்கள்" என்றார் பெரியவர்.

அப்படியே கட்டினேன். முதல் படியில், சூடு மிகக் குறைந்தால் திறக்கும் முனையும் மிக ஏறினால் திறக்கும் முனையும் வரிசையாக நிற்கின்றன. அடுத்துப் பச்சைப் பொத்தான், அதன்கீழ் பிடித்துக்கொள்ளும் முனை, கடைசியில் சுருள். எல்லாம் சுகமாயிருக்கும்வரை சுருள் இழுத்துக்கொண்டே இருக்கும். பல்பு அணையட்டும், எலி வயரைக் கடிக்கட்டும், ஊரில் மின்சாரமே நிற்கட்டும். சுருள் கையை விட்டுவிடும். உடனே மற்றொரு முனை மூடி, தனி பாட்டரியிலிருந்து மணி அடிக்கும். கோளாறு தீராமல் பச்சைப் பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் அது ஓயாது. பெரிய ஆலைகளில் சத்தத்தை மட்டும் நிறுத்த வேறு பொத்தான் உண்டு. ஆனால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இந்த யுக்தி புதிதன்று. வில்லியம் ராபின்ஸன் என்ற அமெரிக்கர் 1872-இல் ரயில் பாதைக்கு இதையே பிரயோகித்தார். தண்டவாளத் துண்டின் ஒரு முனையில் பாட்டரி, மறு முனையில் ரிலே. வண்டி வந்தால் அதன் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும், ரிலே விழும், கைகாட்டி அபாயம் காட்டும். பாட்டரி தீர்ந்தாலும் வயர் அறுந்தாலும் அபாயமே காட்டும்.

பெரியவரின் வரிசையும் அடுக்கும் கணிதமாகவும் ஆயின. 1937-இல் கிளாட் ஷானன் என்ற மாணவர், ரிலேச் சுற்றுக்கள் ஜார்ஜ் பூலின் தர்க்கக் கணிதத்துக்கு அடங்கும் என்று காட்டினார். பூல் பள்ளிக்கூட வாத்தியாராய் வாழ்க்கையைத் தொடங்கியவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை! பிற்காலத்தில் ரிலேக்களுக்குப் பதிலாகச் சிறு கணிப்பொறிகள் ஆலைகளுக்கு வந்தபோதும், எலெக்ட்ரீஷியன்களுக்குத் தெரிந்த இந்த ஏணியையே திரையில் வரைந்தார்கள்.

என் மணிக்கும் குறைகள் உண்டு. எலி கடித்து இரு வயர்களும் ஒட்டிக்கொண்டால் அது ஏமாறும். பாட்டரி செத்தால் ஊமையாகும். ஆகையால் வெள்ளிக்கிழமைதோறும் அக்காள் சூட்டுமானியின் வயர் ஒன்றைக் கழற்றிப் பார்க்கிறார். சென்ற வாரம் மணியின் குரல் சற்றுக் கம்மியிருந்ததாம். பாட்டரியை மாற்றிவிட்டுத்தான் முட்டைகளைத் திருப்பி வைக்கப் போனார்.