மனுவில் ‘பொருள்’ என்ற ஒரு வரி



சில மாதங்களுக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஒரு சகோதரி வந்தார். கணவர் தறி ஓட்டியவர். வஃபாத்தாகி ஒன்றரை ஆண்டாகிறது. விதவை உதவித்தொகை கேட்டு மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லை என்று கண் கலங்கினார். நகல் இருக்கிறதா என்றேன். ஒன்று மட்டும் இருந்தது. இரண்டு பக்கம். கணவரின் நோய், வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, கடன் எல்லாம் இருந்தன. படித்தால் மனம் உருகும். கடைசி வரியில் ‘ஏதாவது உதவி செய்யுங்கள்’ என்றிருந்தது. எந்த உதவித்தொகை என்பதும், கணவர் இறந்த தேதியும், முன்பு கொடுத்த மனுக்களைப் பற்றிய பேச்சும் அதில் இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. செயலாளரான புதிதில், கபரஸ்தான் சுற்றுச்சுவருக்காக நானே நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். மதரஸாவும் கல்லூரியும் கற்றுக்கொடுத்த சொல்லெல்லாம் அதில் இருந்தது. வாங்கிப் பார்த்த எழுத்தர் கேட்டார்: “பாய், சுவர் கட்டணுமா, இடத்தை அளக்கணுமா?” இரண்டையும் நான் தெளிவாக எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்திற்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் மனுவைக் கையில் வாங்குபவர் முதலில் பார்ப்பது ‘பொருள்’ என்ற வரியைத்தான். அது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும். ‘உதவி கோருதல் தொடர்பாக’ என்றால் அவர் எங்கே அனுப்புவார்? ‘ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் கோருதல் – பள்ளிப்பட்டு வட்டம், பொதட்டூர்பேட்டை’ என்றால் அது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு என்று உடனே புரியும். அடுத்தது ‘பார்வை’. முன்பு கொடுத்த மனுவின் தேதியையும் ஒப்புகைச் சீட்டு எண்ணையும் அங்கே எழுத வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது மனுவும் முதல் மனுவாகவே எண்ணப்படும். பிறகு என்ன வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கஷ்டத்தைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பிறகு நான்கு வரியில் சொன்னால் போதும்.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று இன்னும் சிலர் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. நம் மாநில அலுவலகங்களுக்குத் தமிழ் மனு போதும். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் அந்தக் காலப் பெண்கள் ஓதக் கற்ற எழுத்திலேயே, அரபுத்தமிழில், வீட்டு விஷயங்களைக் கடிதமாக எழுதிக்கொண்டார்கள். நினைக்கிற மொழியில் எழுதியதால் சொல்ல வந்தது பிசகவில்லை.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அலுவலரே உதவ வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

இங்கேயும் கேட்கும் விதம் முக்கியம். ‘என் மனுவை ஏன் கவனிக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. பதிவேட்டிலும் கோப்பிலும் இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். ‘இந்தத் தேதியில் கொடுத்த, இந்த எண்ணுள்ள என் மனு எந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் சென்றது? அதன் மீதான குறிப்பின் நகல் தரவும்’ என்று கேளுங்கள். கோபம் இரண்டிலும் ஒன்றுதான். பதில் இரண்டாவதற்குத்தான் வரும்.

பேச்சிலும் இதே கதைதான். நம் மஹல்லா பஞ்சாயத்துக்கு வரும் தகராறுகளில் பாதி, வாயால் பேசிய கைமாற்றும் தறி முன்பணமும்தான். ஒருவர் ‘பெருநாளைக்குள் தருகிறேன்’ என்றிருப்பார். எந்தப் பெருநாள் என்று மற்றவர் கேட்டிருக்க மாட்டார். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் தவணையோடு எழுதச் சலிக்க வேண்டாம் என்று அதில் வருகிறது. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்பவர்கள் அதை ஒருமுறை பொருளோடு ஓதிப் பார்க்கலாம். நபி (ஸல்) அவர்கள், கேட்பவர் விளங்கிக்கொள்வதற்காகச் சொன்னதை மூன்று முறை சொல்வார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாம் போனில் ஒருமுறை வேகமாகச் சொல்லிவிட்டு, ‘நான்தான் சொன்னேனே’ என்கிறோம்.

அந்தச் சகோதரியின் மனுவை ஒரே பக்கத்தில் திருத்தி எழுதி, இறப்புச் சான்றிதழ் நகலோடு கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வாங்கியாகிவிட்டது. 30 நாள் பார்த்துவிட்டு அடுத்ததை எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். மனு எழுத உதவி வேண்டுவோர் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்திற்கு வரலாம். ரேஷன் கார்டு, ஆதார் நகலுடன், பழைய மனுக்களும் ஒப்புகைச் சீட்டுகளும் இருந்தால் கசங்கியிருந்தாலும் எடுத்து வாருங்கள்.