உங்களுக்குத் தெரியுமா? பன்றி வேட்டைக்கு எந்த வில்?

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கம் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை புதிதல்ல. நாயும் ஈட்டியுமாக இறங்கிய காலம் போய், இப்போது காம்பவுண்டு வில் மீது பலருக்குக் கண். வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

● காம்பவுண்டு வில்லைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969இல் கிடைத்தது. வில்லின் இரு முனையிலும் கப்பியைப் பூட்டியதுதான் அவருடைய சாதனை.

● கப்பி சுழன்று முடிந்ததும் நாணின் பாரம் சட்டென்று இறங்கிவிடும். இதை 'லெட்-ஆஃப்' என்பார்கள். 60 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு லெட்-ஆஃப் இருந்தால், முழுக்க இழுத்தபின் கை தாங்குவது 12 பவுண்டுதான். பன்றி மோப்பம் பிடித்து, தயங்கி, பக்கவாட்டில் திரும்பும்வரை கை நடுங்காமல் காத்திருக்கலாம்.

● பாரம் கூடின வில்தான் நல்ல வில் என்பது வீண் ஜம்பம். கடையில் நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை நெஞ்சு உயரத்தில் நீட்டி, நேராக இழுத்துப் பாருங்கள். வானத்தைப் பார்க்கத் தூக்கினால்தான் நாண் வருகிறதா? அந்த வில் உங்களுக்கு ஆகாது. ஐந்து பவுண்டு குறையுங்கள். அப்போதும் வராவிட்டால் இன்னும் ஐந்து குறையுங்கள்.

● சட்டைக்கு அளவெடுப்பதுபோல வில்லுக்கும் அளவெடுக்க வேண்டும். இரு கையையும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால், உங்கள் இழுவை நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். 70 அங்குலம் விரிந்தால் 28. நண்பர் வில்லை இரவல் வாங்கி எய்து, குறி தப்புகிறதே என்று புலம்புவதில் பயனில்லை.

● வலக்கையா இடக்கையா என்று முடிவு செய்ய வேண்டியது கண். இரு உள்ளங்கைகளாலும் சிறு துவாரம் அமைத்து, தூரத்துப் பொருள் ஒன்றை அதன் வழியே பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் விலகாமல் நிற்கிறதோ, அதுதான் குறிபார்க்கும் கண்.

● விளம்பரத்தில் வரும் வேகத்தை அப்படியே நம்பாதீர்கள். 70 பவுண்டு பாரம், 30 அங்குல இழுவை, 350 கிரெயின் அம்பு என்ற கணக்கில் அளந்த வேகம் அது. குட்டைக் கையும் கனமான அம்பும் சேர்ந்தால் வேகம் நன்றாகவே இறங்கும்.

● பன்றிக்கு வேகத்தைவிட அம்பின் கனம் முக்கியம். முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் குருத்தெலும்புபோல் இறுகிய தடித்த தோல் இருக்கும். கடைவாய்க் கொம்பால் மோதிக்கொள்ளும்போது அதற்கு அதுவே கேடயம். இலேசான அம்பு அதில் ஆழமாக இறங்காது. இழுவையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் குறைந்த அம்பைப் பூட்டினால் வில்லுக்கே ஆபத்து. வேட்டைக்கு 400 கிரெயினுக்கு மேல், அதாவது 26 கிராமுக்கு மேல், போவதே வழக்கம்.

● இலக்குப் போட்டிக்காரர்கள் நீளமான வில்லை விரும்புவார்கள், ஆடாமல் நிற்கும். மட்டைகளும் புதரும் அடர்ந்த இடத்தில் 30 அங்குலத்தை ஒட்டிய குட்டை வில்தான் சிக்காமல் வரும்.

● அம்பு பூட்டாமல் நாணை விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும். பட்டை பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். மத்தியான வெயிலில் கார் பின்பெட்டியில் வில்லைப் போட்டு வைப்பதும் நாணுக்குக் கேடு.

● கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு பாடுகிறது. இன்றும் ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் அரசு அவருக்கு விழா எடுக்கிறது.

● மலாக்காவுக்கும் தனிக் கதை உண்டு. 1511இல் இறங்கிய போர்த்துகீசியப் படை ஊதுகுழல் நச்சம்புகளைச் சந்தித்தது. தீபகற்பத்து ஓராங் அஸ்லி மக்கள் அம்புமுனையில் தடவும் நஞ்சு ஈப்போ மரத்துப் பாலிலிருந்து வருவது.

● காட்டுப்பன்றி யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்ற விலங்கு அல்ல. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். கம்பிச் சுருக்கு வைப்பது குற்றம். எறும்புத்தின்னியும் தாபிரும் முழுப் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றைத் தொடவே கூடாது.

● 2021 இறுதியில் மலாக்காவின் பாயா மெங்குவாங் பன்றிப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புகுந்தது. மனிதரைத் தொற்றாது, ஆனால் காட்டுப்பன்றியையும் கொல்லும். செத்துக் கிடக்கும் பன்றியை இழுத்துவர வேண்டாம். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

● வேட்டைக்குப் போகாமலும் இந்த வில்லால் பெயர் எடுக்கலாம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு வில்லின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே. இரு கைகளும் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது.

வில்லோடு வேட்டைக்குப் போகலாமா, எதற்கு உரிமம் தருவார்கள் என்பதைக் கடையில் பணம் கட்டும் முன்பே பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்; தோட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். அதன்பின் இலக்குப் பலகையில் பழகுங்கள். 20 மீட்டரில் அம்பெல்லாம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழாதவரை உயிருள்ள எதன்மீதும் நாணை இழுக்காதீர்கள். காயத்தோடு ஓடிய பன்றி தோட்டத்துக்கும் ஆபத்து, உங்களுக்கும் பாவம்.