நிருபமா, வேதமா?

1833. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், லிபர்ட்டி கவுண்ட்டி. அடிமைகள் கூடியிருந்த சபையில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற வெள்ளைக்காரப் போதகர், பைபிளில் பவுல் எழுதிய கடிதங்களில் ஒன்றான பிலேமோன் நிருபத்தை எடுத்துப் பிரசங்கித்தார். எஜமானுக்கு அடங்கி நடக்க வேண்டும், ஓடிப்போவது தவறு, பவுலே அப்படித்தான் சொல்கிறார் என்று அடித்துப் பேசினார். கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அப்படியொரு நிருபமே பைபிளில் இல்லை என்றார்கள் சிலர். இது சுவிசேஷமே அல்ல என்றார்கள் வேறு சிலர். இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஜோன்ஸேதான்.

நிருபம் பைபிளில் இருக்கிறது. ஆனால் அந்த அடிமைகள் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. ஒரு மனிதர் எழுதிய கடிதத்தைப் பிழையே இல்லாத இறைவாக்காகக் கொள்ளலாமா?

பவுலின் கடிதங்களையே கேட்டுப் பார்க்கலாம். கொரிந்து சபைக்கு எழுதும்போது, கிறிஸ்பு, காயு இருவரைத் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார். உடனே ஞாபகம் வந்து ஸ்தேவான் வீட்டாரையும் சேர்த்துக்கொள்கிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனா, நினைவில்லை என்று அதோடு விட்டுவிடுகிறார். அதே கடிதத்தில் திருமணம் பற்றிப் பேசுகையில், இது ஆண்டவர் கட்டளை, இது என் கருத்து என்று தானே கோடு கிழிக்கிறார். ரோமருக்கான நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, முடிவில் தன் பெயரைச் சொல்லித் தானும் வாழ்த்து அனுப்புகிறார்.

எல்லா நிருபங்களும் வேதமாக ஏற்கப்பட நெடுங்காலம் பிடித்தது. 4ஆம் நூற்றாண்டின் சினாய் கையெழுத்துப் பிரதியில் இன்றைய பைபிளில் இல்லாத பர்னபா நிருபம் இருக்கிறது. பழைய சிரியாக் பைபிளிலோ 2 பேதுரு, யூதா நிருபங்கள் இல்லை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் 27 புத்தகங்களையும் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு பட்டியலிட்டது 367இல். 1522இல்கூட மார்ட்டின் லூத்தர் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று குறைத்துச் சொன்னார்.

நம்பிக்கையாளர்களிடமும் ஒரே பதில் இல்லை. வரலாறு, அறிவியல் உட்பட எதிலும் வேதத்தில் பிழை கிடையாது என்றது 1978இன் சிகாகோ அறிக்கை. நம் மீட்புக்காகக் கடவுள் தர விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றித் தருகிறது என்றது 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம்.

பவுலின் தடுமாற்றமும் திருத்தமும் அந்தக் கடிதங்களுக்குக் குறை அல்ல. உயிருள்ள மனிதர் உயிருள்ள மனிதருக்கு எழுதினார் என்பதற்குச் சாட்சி. அந்த மனிதரை மறைத்துவிட்டு வரியை மட்டும் கட்டளையாக்கினால், அது சவுக்கு வைத்திருப்பவன் கைக்குப் போய்விடுகிறது. ஜார்ஜியாவில் நடந்தது அதுதான்.

பிலேமோன் நிருபம் மொத்தமே 25 வசனம். பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார் பவுல். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் நான் தீர்க்கிறேன் என்று தன் கைப்படவே எழுதித் தருகிறார். கடைசியில், எனக்குத் தங்க ஓர் இடம் ஆயத்தம் செய்து வை, வருவேன் என்று நம்புகிறேன் என்கிறார். பிலேமோன் என்ன செய்தார் என்று அந்தக் கடிதத்தில் இல்லை.