பிழையைச் சரியாகச் சொல்வது எப்படி?

தேர்வு முடிவு வெளியாகும் நாள். கணினியின் முன் அமர்ந்து பதிவெண்ணைத் தட்டுகிறீர்கள். மதிப்பெண்ணுக்குப் பதிலாக '500' என்றோர் எண்ணும், புரியாத சில வரிகளும் திரையில் தோன்றுகின்றன. தவறு உங்களுடையதா, சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியினுடையதா? பதைப்புடன் மீண்டும் மீண்டும் தட்டுகிறீர்கள் அல்லவா?

நாம் கேட்கும் ஒவ்வொரு பக்கத்திற்கும் வழங்கி மூன்று இலக்கக் குறியெண் ஒன்றைத் தன் விடையுடன் அனுப்புகிறது. 200 என்றால் எல்லாம் நலம். 4-இல் தொடங்கினால் கேட்ட முறையில் பிழை. 404 என்பது, கேட்ட பக்கம் அங்கே இல்லை என்பதைக் குறிக்கும். 5-இல் தொடங்கினால் கோளாறு வழங்கியினுடையது. முன்னது, 'விலாசதாரர் இல்லை' என்ற குறிப்புடன் திரும்பி வரும் கடிதத்தைப் போன்றது. பின்னது, தபால் நிலையமே இயங்காமற்போவதைப் போன்றது.

வெறும் எண் சாதாரண மக்களுக்குப் புரியாது. ஆகவே பிழைப் பக்கத்தை நாமே எழுதி அமைக்கிறோம். 1995-இல் வெளிவந்த அப்பாச்சி மென்பொருளில் இதற்கென 'எரர்டாக்குமென்ட்' என்ற கட்டளை உண்டு. கட்டளையை அடுத்துக் குறியெண்ணையும், அதற்குரிய பக்கத்தின் இருப்பிடத்தையும் எழுதினால் போதும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, குறியெண் மாறக்கூடாது. 'பக்கம் இல்லை' என்று திரையில் காட்டிவிட்டு 200 என அனுப்பினால், தேடுபொறி அதை உண்மையான பக்கமாகக் கருதிவிடக்கூடும். அப்பாச்சியில் இருப்பிடத்தை முழு இணைய முகவரியாகக் கொடுத்தால் இந்தக் குழப்பம் நேரும். சாய்கோட்டில் தொடங்கும் உள்முகவரியாகக் கொடுத்தால் குறியெண் மாறாது.

இரண்டாவது, கோப்புகளின் பெயர், நிரலின் வரிகள் போன்ற உள்விவரங்களைத் திரையில் காட்டலாகாது. அது திருடனுக்கு வீட்டின் வரைபடத்தைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நிரலில் எதிர்பாராமல் எழும் பிழையைப் பிடித்து, விவரத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பயனாளருக்கு ஒரு குறிப்பு எண்ணைக் கொடுத்தால், பிறகு அதைக் கொண்டு பதிவேட்டில் தேடலாம்.

மூன்றாவது, 500-க்குரிய பக்கம் மிக எளியதாக இருத்தல் வேண்டும். தரவுத்தளம் பழுதானதைத் தெரிவிக்கும் பக்கமே தரவுத்தளத்தை நாடினால் என்ன ஆகும்? தீயணைக்கும் வாளியை எரியும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்!

'கோளாறு எங்களிடம்தான், சற்று நேரம் கழித்து முயலுங்கள்.' பதிவெண்ணைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும் மாணவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு ஆறுதல்!