குழந்தைகள் இல்லங்களுக்கான அரசு நிதியுதவி (தமிழ்நாடு)

குழந்தைகள் இல்லங்களுக்கான அரசு நிதியுதவி என்பது பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட, வன்முறைக்கு உள்ளான அல்லது உழைப்பிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளின் உறைவிடம், உணவு, கல்வி, மருத்துவம், உளவள ஆற்றுப்படுத்தல் ஆகியவற்றுக்காக நடுவண் அரசும் மாநில அரசும் வழங்கும் நிதியைக் குறிக்கும். தமிழ்நாட்டில், முன்னர் சமூகப் பாதுகாப்புத் துறை என வழங்கப்பட்ட குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை இதனைக் கையாளுகிறது.

வரலாறு

1920 ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டமே இந்தியாவில் குழந்தைகளுக்கென இயற்றப்பட்ட முதல் மாகாணச் சட்டம் ஆகும். விடுதலைக்குப் பின் வெவ்வேறு திட்டங்களின் கீழ்ச் சிதறிக் கிடந்த நிதியுதவிகள், 2009 இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. பின்னர் இத்திட்டம் மிஷன் வத்சல்யா என மாற்றியமைக்கப்பட்டு, அதன் வழிகாட்டு நெறிகள் 2022 இல் வெளியாயின.

சட்டப் பின்னணி

2016 சனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம், 2015 இதற்கு அடிப்படையாகும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவே, குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதா, குடும்பத்திடம் ஒப்படைப்பதா என முடிவு செய்கிறது. அரசு நிதி பெற்றாலும் பெறாவிட்டாலும், ஒவ்வோர் இல்லமும் இச்சட்டத்தின் 41 ஆம் பிரிவின்படி பதிவு செய்யப்பட வேண்டும்.

நிதிப் பங்கீடும் அளவும்

தமிழ்நாடு உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் செலவை நடுவண் அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்து கொள்கின்றன. இல்லங்கள் பொதுவாக 50 குழந்தைகள் கொண்ட அலகாகக் கணக்கிடப்படுகின்றன. ஒரு குழந்தைக்கான மாதப் பராமரிப்புத் தொகை பின்வருமாறு உயர்ந்து வந்துள்ளது:

* 2009 - ரூ. 750
* 2014 - ரூ. 2,000
* பின்னர் - ரூ. 2,160
* மிஷன் வத்சல்யாவின் கீழ் - ரூ. 3,000

ரூ. 3,000 என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ. 100 ஆகும். 50 குழந்தைகள் கொண்ட இல்லத்திற்கு ஆண்டுக்கு ரூ. 18 இலட்சம் கிடைக்கும். பணியாளர் ஊதியம் இதில் சேராது.

உளவளப் பராமரிப்பு

இல்லத்தில் சேரும் குழந்தைகளுள் பலர் இழப்பையோ அடி உதையையோ கடந்து வந்தவர்கள். எனவே ஆற்றுப்படுத்துநர் பணியிடமும் நிதியுதவியில் அடங்கும். சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கான அலகுகளில் தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி முதலியன தரப்பட வேண்டும் எனவும், அங்குள்ள பணியாளர்கள் சைகை மொழி, பிரெயில் போன்றவற்றை அறிந்திருக்க வேண்டும் எனவும் மிஷன் வத்சல்யா நெறிகள் கூறுகின்றன.

குடும்பத்திலேயே வளர்த்தல்

இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. வறுமையால் மட்டுமே குழந்தையைப் பிரிய நேரும் குடும்பங்களுக்கு மாதம் ரூ. 4,000 நிதி ஆதரவு வழங்கப்படுகிறது. இதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு ஊரகப் பகுதிகளில் ரூ. 72,000, பிற இடங்களில் ரூ. 96,000 ஆகும். இத்தொகை இல்லப் பராமரிப்புத் தொகையை விட மிகுதி என்பது குறிப்பிடத்தக்கது. கொரோனாப் பெருந்தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021 இல் ரூ. 5 இலட்சம் வைப்புத்தொகை அறிவித்தது. உறவினர் வீட்டில் வளர்வோருக்கு மாதம் ரூ. 3,000 வழங்கவும் அப்போது முடிவு செய்யப்பட்டது.

திருப்பூர், உடுமலைப்பேட்டை வட்டாரம்

உடுமலைப்பேட்டை 2009 இல் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பின்னலாடை நிறுவனங்களையும் நூற்பாலைகளையும் நம்பித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்குக் குடியேறுகின்றன. உறவினர் துணையின்றி வாழும் இக்குடும்பங்களில் பெற்றோருக்கு நோயோ விபத்தோ நேர்ந்தால், குழந்தைகளுக்கு இல்லங்களே புகலிடமாகின்றன.

பின்னலாடைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்கள் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்களில் கல்வி பெற்றனர். அவர்களுக்கான மாத உதவித்தொகை ரூ. 150 ஆக இருந்து பின்னர் ரூ. 400 ஆனது. இத்திட்டம் பின்னாளில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. நூற்பாலை விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் வளரிளம் பெண்கள் குழந்தைகள் இல்லத் திட்டத்தில் வருவதில்லை. தனியார் விடுதிகளை, 2014 இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டம் நெறிப்படுத்துகிறது.

கண்காணிப்பும் விமர்சனங்களும்

தமிழ்நாட்டுக் காப்பகங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007 இல் தொடங்கிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கவும் அத்தீர்ப்பு ஆணையிட்டது.

2022 அக்டோபரில் திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் இருந்த தனியார் காப்பகம் ஒன்றில் உணவு உண்ட சிறுவர்கள் நோயுற்று, மூவர் இறந்தனர். காப்பகம் மூடப்பட்டது. நன்கொடையில் இயங்கும் இல்லமாயினும் சமையற்கூடத்தையும் இரவுக் கண்காணிப்பையும் ஆய்வு செய்யும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

தலைக்கு இவ்வளவு என்று வழங்கும் முறையில், குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் இல்லம் நிதியை இழக்கிறது என்பது மற்றொரு விமர்சனம் ஆகும். குடும்பத்திற்கு நேரடியாக வழங்கும் நிதி ஆதரவு இக்குறையை ஓரளவு ஈடு செய்கிறது.

இவற்றையும் பார்க்க

* குழந்தைத் தொழிலாளர்
* கூர்நோக்கு இல்லம்
* சிறுவர் உதவி எண் 1098
* திருப்பூர் மாவட்டம்