கித்தாருக்கு ஒரே சுருதிதானா?

பெங்களூரு மல்லேசுவரத்தை அடுத்த வயாலிகாவலில், வயலின் ஒன்றை அப்படியே பெரிதாக்கி நிலத்தில் கிடத்தியது போன்ற ஓர் அரங்கம் இருக்கிறது. திருமகூடலு சௌடையாவின் நினைவாக 1980ஆம் ஆண்டு எழுந்த சௌடையா நினைவு மண்டபம் அது. கச்சேரிக்கு வருவோர் கட்டடத்தின் வடிவத்தைக் கண்டு வியக்கின்றனர்; உள்ளே ஒலிக்கும் வயலினின் தந்திகளை எண்ணி வியப்போர் குறைவு.

மேலைநாட்டில் வயலினின் நான்கு தந்திகளையும் ஜி, டி, ஏ, ஈ என்னும் நான்கு வெவ்வேறு சுரங்களுக்குச் சேர்ப்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் ஐரோப்பிய இசைக்கலைஞர் ஒருவரிடம் அக்கருவியைக் கற்றார். அது நம் மேடைக்கு வந்து நிலைபெற்றபோது தந்திகள் ச, ப, ச, ப என்று மாறிவிட்டன. பாடகரின் சுருதிக்கு ஏற்ப அந்தச் சட்ஜமமும் ஏறி இறங்கும். சௌடையாவோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒலிபெருக்கி இல்லாத சபைகளில் கடைசி வரிசைக்கும் நாதம் எட்ட வேண்டுமென்று மூன்று தந்திகளைக் கூட்டி, ஏழு தந்தி வயலின் வாசித்தார். எவரும் அவரைத் தடுக்கவில்லை.

கித்தாரிடம் மட்டும் நாம் ஏன் இவ்வளவு பணிவு காட்டுகிறோம்?

இக்கேள்வியை நமக்குள் எழுப்பியவர், அல்சூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். மகள் கல்லூரி நாட்களில் வாங்கிய கித்தார் பரணில் கிடந்தது. அறுபத்தோராம் வயதில் அதை இறக்கித் துடைத்து, அருகிலிருந்த வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். முன்பொரு விபத்தில் முறிந்து கூடிய இடக்கை மோதிரவிரல் அவருக்கு முழுவதும் மடங்காது. மூன்றாம் மாதத்தில் 'எஃப்' கார்ட் வந்தது. சுட்டுவிரலை ஆறு தந்திகளின் குறுக்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்று விரல்களையும் தனித்தனி இடங்களில் ஊன்ற வேண்டும். இளைஞர்களையே அழவைக்கும் பிடி அது. "இந்த விரலை வைத்துக்கொண்டு இனி முயல்வது வீண்" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கித்தார் மீண்டும் பரணுக்கு ஏறியது.

குறை விரலில் மட்டும் இல்லை. தந்திகள் சேர்க்கப்பட்டிருந்த முறையிலும் இருந்தது. கித்தாரின் வழக்கமான சுருதி, தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இது ஒரு சமரசம். எந்தச் சுருதியிலும் கார்ட் பிடிக்கலாம். கை அதிகம் நகராமல் சுரவரிசையும் வாசிக்கலாம். அந்த வசதிக்கு விரல்கள் விலை கொடுக்கின்றன. விரல் எதுவும் வைக்காமல் ஆறு தந்திகளையும் வருடினால் எந்தக் கார்டும் ஒலிக்காது. அமைதியற்ற ஒரு கலவைதான் கேட்கும்.

தந்திகளைச் சற்றே மாற்றிச் சேர்த்து, வெறுங்கையால் வருடினாலே இனிய கார்ட் எழும்படி செய்வதைத்தான் 'ஓப்பன் டியூனிங்' என்கிறார்கள். 'ஓப்பன் டி' என்னும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஆறாம், இரண்டாம், முதல் தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்க வேண்டும். மூன்றாம் தந்தியை அரைச்சுரம் இறக்க வேண்டும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கலாம். டி என்பதைச் சட்ஜமமாகக் கொண்டு இப்போது தந்திகளைப் படித்தால் ச, ப, ச, க, ப, ச. வீணையின் வாசிப்புத் தந்திகள் ச, ப, ச, ப என்றும், பக்கத் தந்திகள் ச, ப, ச என்றும் சேர்க்கப்பட்டிருப்பதை அறிந்த வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நடுவில் ஓர் அந்தர காந்தாரம் வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவே.

இனி ஒரே விரலை, அல்லது வழவழப்பான ஓர் உலோகக் குழாயை, ஐந்தாம் மெட்டின் மேல் குறுக்கே வைத்தால் மத்தியமத்தின் கார்ட். ஏழாம் மெட்டில் பஞ்சமத்தின் கார்ட். பன்னிரண்டாம் மெட்டில் மேல் சட்ஜமம். தேவாலயக் கீதங்களிலும் எளிய திரைப்பாடல்களிலும் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றே துணை போதும். ராகம் வேண்டுமா? முதல் தந்தியில் மட்டும் இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு ஆகிய மெட்டுகளை வரிசையாகத் தொட்டுப் பாருங்கள்: மோகனம். ஒன்பதுக்குப் பதில் பதினொன்றைத் தொட்டால் அம்சத்வனி. கட்டைவிரல் கீழ்த்தந்திகளை மீட்டிக்கொண்டே இருக்க, சுருதி தானாகவே பின்னால் நிற்கும். தந்தி தளர்ந்திருப்பதால் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டுவதும் எளிதாகிறது.

எல்லா ராகமும் இதற்கு இணங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்கராபரணமும் கல்யாணியும் அந்தர காந்தாரத்தை ஏற்கும். கரகரப்பிரியாவும் தோடியும் சாதாரண காந்தாரத்துக்கு உரியவை. அவற்றுக்கு மூன்றாம் தந்தியை இறக்காமல் வழக்கமான ஜி சுரத்திலேயே விட்டுவிட்டால் ச, ப, ச, ம, ப, ச கிடைக்கும். காந்தாரமே இல்லாததால் எந்தப் பக்கமும் சாயாத அமைப்பு இது. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கலைஞர் டேவி கிரஹாம், மொராக்கோ பயணத்தில் கேட்ட ஊத் இசையோடு சேர்ந்து வாசிக்க இவ்வமைப்பைக் கையாண்டார் என்பர். சுபபந்துவராளிக்கு இதுவும் உதவாது. அங்கே சுத்த மத்தியமம் உறுத்தும். மூன்றாம் தந்தியை வழக்கத்திலிருந்து ஒரு முழுச்சுரம் இறக்கிச் சாதாரண காந்தாரத்தில் நிறுத்துவதே வழி.

காந்தாரத்தைப் பற்றி இன்னும் சிறிது பேச வேண்டியிருக்கிறது. தம்பூராவின் மந்தர சட்ஜமத் தந்தியை மீட்டிவிட்டு உற்றுக் கேட்டால், எவரும் தொடாத ஓர் அந்தர காந்தாரம் மெல்ல மேலெழுவதைக் கேட்கலாம். தந்தி முழுமையாக அதிர்வதோடு ஐந்து சம பகுதிகளாகவும் பிரிந்து அதிர்கிறது. அதிலிருந்து பிறப்பது அது. கித்தாரின் மெட்டுகளோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டியவை. அந்தக் கணக்கில் வரும் காந்தாரம், தம்பூராவின் காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுரத்தின் நூறு பங்கில் ஏறத்தாழ பதினான்கு பங்கு கூடுதலாக நிற்கிறது. கைப்பேசியின் டியூனர் செயலி பச்சை விளக்குக் காட்டுவது அந்தச் சம பங்குக் கணக்குக்குத்தான். எனவே விளக்கு எரிந்த பின் செயலியை அணைத்துவிட்டுத் தம்பூராவை ஒலிக்கவிடுங்கள். மின்னணுத் தம்பூராவைப் பரவலாக்கிய ராடெல் நிறுவனம் பெங்களூருவைச் சேர்ந்தது; அந்தப் பெட்டி பல வீடுகளில் இருக்கும். மூன்றாம் தந்தியை மயிரிழை தளர்த்தும்போது, நடுங்கிக்கொண்டிருந்த ஒலி ஒரு புள்ளியில் சட்டென அடங்கும். அந்தப் புள்ளியை ஒருமுறை கேட்ட காது மறப்பதில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு: அதே தந்தியின் மூன்றாம் மெட்டில் பஞ்சமம் வாசித்தால் அது சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும்.

உடல் இணங்காதபோது கருவியை இணங்கவைத்தவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் கனடாவின் ஜோனி மிட்செல். ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதில் அவருடைய இடக்கை வலுவிழந்தது. கடினமான பிடிகளைத் தவிர்க்கத் தந்திகளை மாற்றிச் சேர்க்கத் தொடங்கி, ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகளில் பாடல்களை இயற்றினார். கேட்பவர்களுக்குப் புதுமையாகத் தோன்றிய அந்தக் கார்ட்களுக்குப் பின்னே ஒரு நோயாளிக் குழந்தையின் கை இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்கு அத்தகைய இடர் ஏதுமில்லை. ஆனாலும் அவர் ஆறாம் தந்தியையே கழற்றிவிட்டு, ஐந்து தந்திகளை 'ஓப்பன் ஜி'யில் சேர்த்துப் புகழ்பெற்றார். அக்குழு 2003 ஏப்ரலில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்ததை நேரில் கண்ட வாசகர்கள் நம்மிடையே இருக்கக்கூடும்.

நம் நாட்டில் இந்த வழியில் நெடுந்தூரம் சென்றவர் விசுவ மோகன் பட். கித்தாரில் பரிவுத் தந்திகளைக் கூட்டி, மோகன வீணை என்று பெயரிட்டு, மடிமீது கிடத்தி உலோகத் தண்டால் வாசிக்கிறார். அமெரிக்கரான ரை கூடரும் ஓப்பன் டியூனிங்கில் தேர்ந்தவர். இருவரும் முதன்முறையாகச் சந்தித்த சிறிது நேரத்திலேயே ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவானதுதான் 'எ மீட்டிங் பை தி ரிவர்'. 1994இல் கிராமி விருது பெற்றது. ஒத்திகையின்றி அது எப்படி இயன்றது என்று கேட்போருக்கு அவ்விருவரின் மேதைமையே முதல் விடை. இருவர் மடியிலும் இருந்த தந்திகள் வருடும்போதே ஒரு சட்ஜமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன என்பதும் உதவியிருக்கும் என்பது நம் கருத்து.

முயல விரும்புவோர் தந்தியை ஏற்றுவதைவிட இறக்குவதையே தேர்ந்தெடுப்பது நலம். ஒரு முழுச்சுரம் இறக்கினால் அத்தந்தியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு முழுச்சுரம் ஏற்றினால் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. பழைய கித்தாருக்கு அந்தச் சுமை ஆகாது. உயர்ந்த சுருதி தேவைப்பட்டால் 'ஓப்பன் டி'யில் சேர்த்துவிட்டு, இரண்டாம் மெட்டில் கேப்போவைப் பொருத்துங்கள். 'ஓப்பன் ஈ' கிடைத்துவிடும். தளர்ந்த தந்தி மெட்டில் பட்டுக் கரகரத்தால் சற்றுத் தடித்த தந்திகளை மாட்டலாம். புதிய கித்தார் வாங்கத் தேவையில்லை. வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு, அங்கிருந்து மேலேற்றி நிறுத்தினால் தந்தி நழுவாது. ஆறும் சேர்ந்த பின் முதலில் சேர்த்தது கலைந்திருக்கும். மேலும் ஒருமுறை, சில வேளைகளில் இருமுறை, சரிபார்க்க வேண்டியிருக்கும்.

அல்சூர் நண்பரின் கித்தார் இப்போது பரணில் இல்லை. மாலையில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஓய்ந்த பிறகு, சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும் கொண்டு மோகனம் வாசிக்கிறார். மோதிரவிரல் சும்மா இருக்கிறது. புனேயிலிருந்து விடுமுறைக்கு வரும் மகள் வந்ததும் வராததுமாகத் தந்திகளைப் பழைய சுருதிக்கு ஏற்றிவிடுகிறாளாம். சென்ற முறை அவர் கித்தாரின் உறைமீது ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: "ச ப ச க ப ச. வாசித்த பின் இப்படியே வைக்கவும். அப்பா."